அடைப்பை எடுத்த பிறகும் மூளை ஏன் வீங்குகிறது?

“அடைப்பை எடுத்தாச்சுன்னு டாக்டர் சொன்னார். ரத்தம் ஓடறதை ஸ்கேன்லயும் காட்டினாங்க. அப்புறம் எப்படிங்க மூணாம் நாள் மூளை வீங்கும்?”

குன்னூர், கோத்தகிரிப் பக்கமிருந்து பக்கவாத நோயாளியைக் கோவைக்குக் கொண்டுபோன குடும்பங்கள் கேட்கும் கேள்வி இது. ஊட்டியில் பார்மசி மாணவர்களுக்கு மருந்தியல் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் என்னிடமும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துவிட்டால், பக்கவாதத்துக்குப் பிறகு மூளையில் வரும் அழற்சியை (காயத்தையோ கிருமியையோ எதிர்க்க உடல் கிளப்பும் கொதிப்பு, இன்ஃப்ளமேஷன்) குறைக்க எங்கெங்கே மருந்து தேடுகிறார்கள், இத்தனை வருடமாகியும் ஏன் கைக்கு எட்டவில்லை என்பதும் பாதி புரிந்துவிடும்.

முதலில் அடிப்படை. பக்கவாதத்தில் இரண்டு வகை. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் ரத்தக்கட்டி வந்து அடைத்துக்கொள்வது ஒன்று. குழாய் வெடித்து ரத்தம் கசிவது இன்னொன்று. பெரும்பாலானவர்களுக்கு வருவது அடைப்புதான். இங்கே அதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான் இருக்கும். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்கே போகிறது. கையிருப்பு என்று எதுவும் கிடையாது. பெரிய குழாய் ஒன்று அடைத்து, சிகிச்சை இல்லாமல் விட்டால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-ல் கணக்கிட்டார். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்க ஒரு மணி நேரம் ஆகும் என்று வையுங்கள். அதற்குள் 11 கோடியே 40 லட்சம் செல்கள்.

ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் சாவதில்லை. அடைப்புக்கு நேர் பின்னால் உள்ள நடுப்பகுதி சில நிமிடங்களில் போய்விடும். அதைச் சுற்றியுள்ள விளிம்புப் பகுதிக்குப் பக்கத்துக் குழாய்களிலிருந்து கொஞ்சம் ரத்தம் கிடைத்துக்கொண்டிருக்கும். அங்கிருக்கும் செல்கள் வேலையை நிறுத்திவிட்டாலும் இன்னும் உயிரோடு இருக்கும். பக்கவாத சிகிச்சை முழுக்க இந்த விளிம்பைக் காப்பாற்றத்தான். கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் ஊசி 3 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் தரும் என்று 1995-ல் நிரூபித்தார்கள். 2008-ல் அந்தக் கெடு நாலரை மணி நேரமாக நீண்டது. தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியையே வெளியே இழுக்கும் சிகிச்சை 2015-ல் உறுதிப்பட்டது. 2018 முதல், ஸ்கேனில் விளிம்புப் பகுதி இன்னும் பிழைத்திருப்பது தெரியும் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட அதைச் செய்கிறார்கள்.

சரி, குழாய் திறந்துவிட்டது. பிறகும் சேதம் தொடர்வது ஏன்?

அடைப்பு விழுந்த அந்த முதல் நிமிடங்களுக்குப் போவோம். ஆக்சிஜன் இல்லை என்றதும் செல்லில் ஆற்றல் தீர்ந்துபோகிறது. உள்ளே சோடியத்தையும் வெளியே பொட்டாசியத்தையும் அளவோடு வைத்திருக்கும் பம்புகள் நிற்கின்றன. நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் குளூட்டமேட் என்ற ரசாயனம் கட்டுப்பாடில்லாமல் வெளியே கொட்டுகிறது. அது பக்கத்துச் செல்லின் மேலுள்ள என்.எம்.டி.ஏ. என்ற ஏற்பியை (ரசாயனச் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதம்) திறக்க, அந்த வழியாகக் கால்சியம் உள்ளே புகுகிறது. அளவுக்கு மிஞ்சிய கால்சியம் செல்லின் சொந்த நொதிகளையே (ரசாயன வேலைகளை முடுக்கிவிடும் புரதங்கள்) கிளப்பிவிட்டு, அந்தச் செல்லை உள்ளிருந்து அரிக்கிறது.

செத்த செல் உடையும்போது, உள்ளேயே இருக்க வேண்டிய பொருள்கள் வெளியே சிதறுகின்றன. ஹெச்.எம்.ஜி.பி.1 என்ற புரதம் அவற்றில் ஒன்று. மூளைக்கென்றே இருக்கும் காவல் செல்களான மைக்ரோகிளியாவின் மேல் டி.எல்.ஆர்.4 என்ற ஏற்பி இருக்கிறது. கிருமி நுழைந்தால் கண்டுபிடிக்க வேண்டிய ஏற்பி அது. சிதறிய இந்தப் புரதத்தையும் அது ஆபத்தின் அடையாளமாகவே எடுத்துக்கொள்ளும். கிருமி எதுவும் இல்லாமலே கிருமியை எதிர்க்கும் ஏற்பாடுகள் முழுவதும் தொடங்கிவிடுகின்றன. சில மணி நேரத்தில் இன்டர்லூகின்-1, டி.என்.எஃப். போன்ற அழற்சிப் புரதங்கள் சுரக்கின்றன.

அதைக் கேட்டு ரத்தக் குழாயின் உட்சுவர் மாறுகிறது. ஐகாம்-1 என்ற ஒட்டுப் புரதம் சுவரில் முளைக்கிறது. ரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும் வெள்ளையணுக்களில் நியூட்ரோபில் என்ற வகை அதில் ஒட்டி நின்று, சுவரைத் துளைத்து மூளைக்குள் இறங்குகிறது. கையோடு எம்.எம்.பி.-9 என்ற நொதியையும் கொண்டுவருகிறது. சாதாரணமாக மூளையின் ரத்தக் குழாய்கள் எதையும் எளிதில் வெளியே விடாது. அவ்வளவு இறுக்கமான தடுப்பு. அந்தத் தடுப்பைத்தான் எம்.எம்.பி.-9 வெட்டுகிறது. வெட்டுப்பட்ட இடங்களில் ரத்தத்தின் நீரும் புரதமும் மூளைக்குள் கசிகின்றன. இதுதான் வீக்கம். காலில் வீக்கம் வந்தால் தோல் விரிந்து கொடுக்கும். மண்டையோடு விரியாது. அதனால் வீங்கிய பகுதி பக்கத்திலுள்ள நல்ல மூளையையும் அழுத்துகிறது.

நியூட்ரோபில்கள் குவிவது முதல் ஓரிரு நாட்களில். பெரிய குழாய் அடைத்தவர்களுக்கு வீக்கம் உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் 2-ஆம் நாளுக்கும் 5-ஆம் நாளுக்கும் இடையில். மூன்றாம் நாள் கணக்கு இங்கேதான் வருகிறது. இன்னொன்றும் உண்டு: குழாய் திறந்ததும் ஆக்சிஜனோடு சேர்ந்து வெள்ளையணுக்களும் அந்த இடத்துக்கு வேகமாக வந்து சேர்கின்றன. செல்களை அரிக்கும் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகளும் அப்போது உருவாகின்றன. அதற்காக அடைப்பை எடுக்காமல் விடுவது நல்லது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எடுக்காவிட்டால் விளிம்புப் பகுதி முழுவதும் போய்விடும். எடுத்த பிறகு மிஞ்சும் சேதத்தை எப்படிக் குறைப்பது என்பதுதான் கேள்வி.

அழற்சியைத்தான் நிறுத்திவிடலாமே என்று தோன்றும். ஆராய்ச்சியாளர்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. நம் ஊர் அனுபவத்தை வைத்தே சொல்கிறேன். மழைக்காலத்தில் பர்லியார் பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்தால் ஜே.சி.பி. வரும். அவசரத்தில் மண்ணை வாரும்போது ஓரத்தையும் சேர்த்துச் சுரண்டினால், அதுவரை நின்றிருந்த மேடும் சரியும். அதற்காக ஜே.சி.பி.யே வேண்டாம் என்று திருப்பி அனுப்ப முடியாது. இடிபாட்டை அள்ளவும், தடுப்புச்சுவருக்கு அடித்தளம் தோண்டவும் அடுத்த வாரம் அதே வண்டிதான் வேண்டும். மைக்ரோகிளியாவும் அப்படித்தான். முதல் நாட்களில் நல்ல திசுவுக்கும் சேர்த்துக் கெடுதல் செய்யும் அதே செல்கள், பிறகு செத்த செல்களை விழுங்கிச் சுத்தம் செய்கின்றன. புது இணைப்புகள் வளர உதவும் பொருள்களைச் சுரக்கின்றன.

இதை மிகத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒன்று 2006-ல் வந்தது. எலிகளுக்குப் பக்கவாதம் உண்டாக்கி, எம்.எம்.பி. நொதிகளைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். தொடக்கத்திலேயே கொடுத்தால் சேதம் குறையும் என்பது முன்பே தெரிந்த விஷயம். இம்முறை ஏழாம் நாள் கொடுத்தார்கள். சேதம் கூடியது, எலிகள் தேறுவதும் தடைப்பட்டது. முதல் நாள் தடுப்பை வெட்டிய அதே நொதி, ஏழாம் நாள் புது ரத்தக் குழாய்கள் வளர வழி வெட்டிக்கொண்டிருந்தது. அதே மருந்து, அதே இலக்கு, நாள் மட்டும்தான் வேறு. மாணவர்களுக்கு இந்தத் துறையிலிருந்து ஒரே ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

இனி, மருந்துகள் குறிவைக்கும் இடங்களுக்கு வருவோம். உடலில் ஒரு மருந்து போய் ஒட்டி வேலை செய்யும் மூலக்கூறைத்தான் மருந்தின் இலக்கு என்கிறோம். ஏற்பி, நொதி, செல்லின் மேலுள்ள வாயில் என எதுவாகவும் இருக்கலாம். மேலே சொன்ன கதையின் ஒவ்வொரு படியிலும் யாராவது ஒருவர் ஒரு மருந்தை வைத்து முயன்றிருக்கிறார்கள்.

முதலில் குளூட்டமேட். அதன் ஏற்பியை அடைக்கும் மருந்துகள் எலியில் அருமையாக வேலை செய்தன, மனிதரில் தோற்றன. ஏற்பியை அடைக்காமல், அதற்குப் பின்னால் நடக்கும் உட்செய்தியை மட்டும் துண்டிக்கும் நெரினெட்டைடு என்ற மருந்து பிறகு வந்தது. 2020-ல் வெளியான பெரிய ஆய்வில் மொத்தமாகப் பார்த்தால் பலன் இல்லை. ஆனால் ஆல்டிப்ளேஸ் போடாதவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது பலன் இருப்பதுபோலத் தெரிந்தது. நெரினெட்டைடு ஒரு சிறு புரதத் துண்டு. ஆல்டிப்ளேஸ் கிளப்பிவிடும் பிளாஸ்மின் என்ற நொதி, ரத்தக்கட்டியைக் கரைப்பதோடு இந்த மருந்தையும் சேர்த்து வெட்டிவிடுகிறது. பின்னர் ஆல்டிப்ளேஸ் போடாதவர்களிடம் மட்டும் சோதித்த ஆய்விலும் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை.

அடுத்தது ஒட்டுப் புரதம் ஐகாம்-1. இதன் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நியூட்ரோபில் சுவரில் ஒட்டாமல் செய்துவிட்டால் உள்ளே இறங்காது. யோசனையில் எந்தக் குறையும் இல்லை. அதற்காக என்லிமோமாப் என்ற எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) 625 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2001-ல் முடிவு வெளியானது. மருந்து பெற்றவர்களின் நிலை, பெறாதவர்களைவிட மோசம். காய்ச்சலும் தொற்றும் அவர்களுக்கு அதிகம். காரணம் என்னவென்று தேடினால், அந்த எதிர்ப்புரதம் சுண்டெலியிலிருந்து எடுத்தது. மனித உடல் அதை அந்நியமாகப் பார்த்து, எந்த வெள்ளையணுக்களைத் தணிக்க வேண்டுமோ அவற்றையே உசுப்பிவிட்டது.

இந்த மாதிரி நம் மலையில் வயதானவர்களுக்குத் தெரியும். நாய் கடித்தால் வயிற்றில் 14 ஊசி போட்ட காலம் நினைவிருக்கும். ஆட்டின் மூளைத் திசுவில் தயாரித்த தடுப்பூசி அது. 1907-ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டும் அந்த வகையைத் தயாரித்த நிலையங்களில் ஒன்று. எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய ஊசி. ஆனாலும் சிலருக்கு, ஆட்டு மூளையின் புரதத்தை எதிர்க்கப்போய் உடல் தன் நரம்புகளையே தாக்கிக்கொண்டது. செல் வளர்ப்பில் தயாரான புதிய தடுப்பூசிகள் வந்த பிறகு, 2004-ல் இந்தியா பழைய வகையைக் கைவிட்டது. இலக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது, அதை நோக்கி எதை அனுப்புகிறோம் என்பதும் முக்கியம். என்லிமோமாப் தோற்றதும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

வெள்ளையணுக்கள் மூளைக்குள் நுழைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்து நட்டலிசுமாப், நரம்புகளின் உறையை உடலே தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்குப் பயன்படுவது. பக்கவாதத்தில் அதை இரண்டு முறை சோதித்தார்கள். இரண்டிலும் பலன் இல்லை. இன்டர்லூகின்-1-ஐ மறிக்கும் அனகின்ரா, ரத்தத்தில் அழற்சியின் அளவுகளை இறக்கியது. ஆனால் நோயாளிகள் தேறியதில் வித்தியாசம் தெரியவில்லை. 2018-ல் வெளியான முடிவு இது.

சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கிளிபென்கிளமைடு என்ற பெயர் பழக்கமாக இருக்கும். கணையத்தில் அது ஒட்டும் எஸ்.யூ.ஆர்.1 என்ற புரதம், ஆரோக்கியமான மூளையில் பெரும்பாலும் இருக்காது. பக்கவாதத்துக்குப் பிறகு புதிதாக முளைத்து, செல்லுக்குள் சோடியத்தையும் நீரையும் இழுக்கும் வாயிலின் பகுதியாகிவிடும். வீக்கத்தைக் குறைக்க அதை அடைக்கலாம் என்று கிளிபென்கிளமைடை ரத்தத்தில் நேரடியாக ஏற்றிப் பார்த்தார்கள். 2024-ல் வந்த முடிவில் எதிர்பார்த்த பலன் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் பக்கவாத நோயாளிக்கு வீட்டிலிருக்கும் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். சர்க்கரை தாழ்ந்தால் மூளைக்கு அதுவே தனிச் சேதம்.

ஸ்டீராய்டு போட்டால் வீக்கம் வற்றுமே என்று கேட்பவர்கள் உண்டு. மூளையில் வளரும் கட்டியை (டியூமர்) சுற்றி வரும் வீக்கத்துக்கு அது கேட்கும். அடைப்பால் வரும் பக்கவாத வீக்கத்துக்கு வழக்கமாகக் கொடுப்பதில்லை. பழைய ஆய்வுகளில் பலன் தெரியவில்லை, தொற்றுப் பயமும் இருக்கிறது. 2024-ல் சீனாவிலிருந்து ஒரு முடிவு வந்தது: ரத்தக்கட்டியை இழுத்து எடுத்தவர்களுக்குக் குறைந்த அளவு மெத்தில்பிரெட்னிசலோனை மூன்று நாட்கள் மட்டும் கொடுத்தபோது, 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் 23.2 சதவீதம், கொடுக்காதவர்களில் 28.5 சதவீதம். ஆனால் பிழைத்தவர்களின் இயலாமையையும் சேர்த்துப் பார்க்கும் முக்கிய அளவுகோலில் உறுதியான வித்தியாசம் இல்லை. கவனிக்க வேண்டிய முடிவுதான். இதை மட்டும் வைத்து எல்லோருக்கும் ஸ்டீராய்டு போட முடியாது.

எனக்கு அதிக நம்பிக்கை தரும் இலக்கு, கதையின் தொடக்கத்தில் வந்த டி.எல்.ஆர்.4. அந்த ஏற்பியை மறிக்கும் ஆப்டால் என்ற மருந்தை ஸ்பெயினிலும் பிரான்சிலும் சோதித்து 2023-ல் வெளியிட்டார்கள். புரதம் அல்ல, டி.என்.ஏ.வால் செய்த சிறு மூலக்கூறு. 6 மணி நேரத்துக்குள் வந்து, கட்டியை எடுக்கும் சிகிச்சையும் செய்துகொண்டவர்களுக்குக் கொடுத்தார்கள். அதிக அளவு பெற்றவர்களிடம் இறப்பும் இயலாமையும் குறைந்தன. ஆய்வு சிறியது, பெரிய ஆய்வில் இதே முடிவு வர வேண்டும். ஆனால் எதை, எப்போது தடுக்கிறோம் என்பது இரண்டும் இங்கே பொருந்தி வருகிறது: கெடுதல் தொடங்கும் படியை, தொடங்கும் நேரத்திலேயே தடுக்கிறார்கள்.

ஆக்சிஜன் மூலக்கூறுகளின் வீரியத்தை அடக்கும் எடாரவோனை ஜப்பான் 2001 முதல் பயன்படுத்திவருகிறது. நம் நாட்டிலும் சில மருத்துவர்கள் எழுதுகிறார்கள். பருவுக்குக் கொடுக்கும் மினோசைக்ளின் மைக்ரோகிளியாவைத் தணிக்கக்கூடியது என்பதால் அதையும் ஆராய்ந்துவருகிறார்கள்.

2006-ல் ஒரு குழு, அதுவரை பக்கவாதத்துக்கென்று ஆராய்ந்த மருந்துகளை எண்ணிப் பார்த்தது. மொத்தம் 1026. மூளையைச் சேதத்திலிருந்து காப்பதாக எலியில் காட்டியவற்றில் எதுவும் மனிதரில் அப்படி நிலைபெறவில்லை. ஏன் என்பதற்கு ஆய்வகத்தைப் பார்த்தாலே பதில் கிடைக்கும். இளம் வயது, நோய் நொடி இல்லாத எலி. அடைத்த நிமிடம் துல்லியமாகத் தெரியும். சில நிமிடங்களில் மருந்து ஏறிவிடும். நம் நோயாளிக்கு வயது எழுபது, பிரஷர் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, வந்து சேர்வதற்குள் நாலு மணி நேரம் ஓடிவிட்டது. இந்த இடைவெளியைக் குறைக்க 1999-லேயே ஆராய்ச்சியாளர்கள் விதிமுறை வகுத்தார்கள்: வயதான விலங்கிலும் பார், தாமதமாகக் கொடுத்தும் பார், ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகத்தில் பார். இப்போது கட்டியை எடுக்கும் சிகிச்சை பரவிவிட்டதால் குழாய் திறக்கும் நேரமும் மனிதரிலேயே நிமிடக் கணக்கில் தெரிகிறது, மருந்தும் அந்த இடத்துக்குப் போய்ச் சேர வழி இருக்கிறது. முன்பு தோற்ற யோசனைகளைத் திரும்ப எடுத்துப் பார்ப்பவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு.

அழற்சியை ஒரேயடியாக அடக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூளைக்குள் அழற்சி கொதித்துக்கொண்டிருக்கும் அதே நாட்களில், உடலின் மற்ற பாகங்களில் எதிர்ப்புச் சக்தி சரிந்துவிடுகிறது. அடிபட்ட மூளை நரம்புகள் வழியாக மண்ணீரலுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் அனுப்பும் கட்டளைகள்தான் காரணம். விழுங்குவதும் சிரமமாக இருப்பதால் உணவு, எச்சில் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வருகிறது. பக்கவாதத்தில் பிழைத்தவர்கள் நிமோனியாவில் போவது உண்டு. விழுங்க முடிகிறதா என்று மருத்துவமனையில் சோதிப்பதற்கு முன்னால் காப்பி, கஞ்சி, மாத்திரை எதையும் வாயில் ஊற்ற வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான்.

இந்த மருந்துகள் வந்தாலும் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில் கொடுக்க வேண்டியவையாகவே இருக்கும். அந்த நேரத்தை நாம் மலையிலேயே தொலைக்கிறோம். ஜனவரி உறைபனியில் காலையில் கை மரத்துப்போனால் குளிர்தான் என்று விட்டுவிடுகிறோம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்க்கிறோம். குளிரில் மரத்தால் இரண்டு கையும் மரக்கும். ஒரு பக்கத்துக் கை மட்டும் துவண்டால், வாய் ஒரு பக்கம் கோணினால், பேச்சு குழறினால் உடனே 108. ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. அது ரத்தக்கசிவு வகையாக இருக்கலாம், சி.டி. ஸ்கேன் எடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது.

கூடப் போகிறவரிடம் மருத்துவர் முதலில் கேட்பது, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை. காலையில் எழும்போதே கை வரவில்லை என்றால், ராத்திரி படுக்கப்போகும்போது நன்றாகப் பேசிய நேரத்தைச் சொல்ல வேண்டும். அவர் தினமும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் அப்படியே பையில் போட்டு எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதைப் பார்த்துத்தான் கரைக்கும் ஊசியைப் போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.